அளவுக்காரர் தளர்த்திவிட்ட வார்

ரொட்டியக்காவுக்கு நாற்பத்து நாலு வயது நடக்கும்போது அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்து குடியேறியது. வந்த பிள்ளை, வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது வாடகைக்காரர் சாமானை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுபோல, நாலு மாதம் சத்தமில்லாமல் இருந்துகொண்டது.

அவளும் வேறு விதமாகத்தான் நினைத்துக்கொண்டாள். மாதாமாதம் வருவது நின்றுபோனதும், சரி, அந்தக் காலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று இருந்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பிள்ளைக்காகக் கடவுளைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தவள் அவள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, கொடுத்ததற்கெல்லாம் நன்றி என்று மட்டும் சொல்லி எழுந்துவிடப் பழகியிருந்தாள். கேட்கிறவரைக்கும் காத்திருக்க வைத்துவிட்டு, கேட்பதை விட்ட பிறகு மடியில் கொண்டுவந்து போடுவது அவன் விளையாட்டு. அந்த விளையாட்டில் நமக்கு என்ன புரியும்?

ரொட்டியக்கா என்பது வேலையால் வந்த பேர். கடைத்தெரு முனையில் உள்ள ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து, உருட்டி, தட்டில் அடுக்கி, அடுப்புக்குள் தள்ளுகிறவள் அவள். வருகிறவர்களுக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதும் அவள்தான். வாங்குகிறவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை என்று கேட்காமல் அவள் கையிலிருந்து ரொட்டி நகராது. 'பின்னால நிக்கறவங்க வயித்தையும் கொஞ்சம் பாரு' என்று முதலாளியம்மா தினமும் சொல்வார். அவளும் தினமும் சரிம்மா என்பாள். மறுநாளும் அதே கதைதான்.

அவள் புருஷன் அதே தெருவின் மறுகோடியில் செருப்புக் கடை வைத்திருந்தார். புதிதாகத் தைத்தும் கொடுப்பார், அறுந்ததைச் சரியாக்கியும் கொடுப்பார். யாரைக் கண்டாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். அதனால் ஊரில் அவருக்கு அளவுக்காரர் என்று பேர். கல்யாணத்தன்றே அவர் தன் காலைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்க இன்னொரு நாள் ஆயிற்று என்று ரொட்டியக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவரோ பேச்சு வராத மனிதர். அன்பு வந்தால் வாயைத் திறக்க மாட்டார், ஊசியை எடுத்து எதையாவது தைத்துக் கொடுப்பார். கைப்பிடி அறுந்த பையோ, கழன்றுபோன பித்தானோ, ஏதோ ஒன்று மறுநாள் காலையில் சரியாகி இருக்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் அடுப்பைத் திறந்ததும் வந்த வாசனை அவளுக்குக் குமட்டியது. இத்தனை வருஷமாக அவளுக்குப் பிடித்த வாசனை அது. ரொட்டி வாசனை ரொட்டிக்காரிக்கே ஆகவில்லை என்றால் அது சின்ன விஷயமில்லை என்று முதலாளியம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அளவுக்காரரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனார். அங்கே உட்கார்ந்திருந்ததெல்லாம் பெண்கள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், வாசல் படியில் போய் உட்கார்ந்து, கழற்றி விட்டிருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே டாக்டரம்மா சோதித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க நெனச்ச மாதிரி எதுவும் நிக்கலம்மா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. நாலு மாசம்."

ரொட்டியக்கா டாக்டரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெரிய நர்சைப் பார்த்தாள். இருவரும் விளையாடுவதாகத் தெரியவில்லை. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்கி, குடிக்க முடியாமல் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். இந்த வயதில் பிள்ளை பெறுவது ஆகாத காரியம் இல்லை, எத்தனையோ பேர் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு போகிறார்கள். ஆனால் இருபது வயதுக்காரியைவிட இவள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறலாம், சர்க்கரை வரலாம், பிள்ளை மாதம் முழுதாகும் முன்னே வந்துவிடலாம், ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். பிள்ளையின் வளர்ச்சியிலேயே குறை இருக்கவும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். அதற்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் ஸ்கேன் செய்வதும் உண்டு, பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் இஷ்டம் என்றார்.

ரொட்டியக்கா பார்த்துவிடச் சொன்னாள். "எப்படி இருந்தாலும் என் புள்ளதான். தெரிஞ்சுகிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி தயாரா இருப்பேன்ல" என்றாள்.

எழுந்திருக்கும்போது பெரிய நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பல்லாயிரம் பிரசவம் பார்த்த கை போல அது கனமாக இருந்தது.

"டாக்டர் சொன்னதுல பாதி மறந்துடும். நான் சொல்றத மட்டும் மறக்காதீங்க. விடாம தலைவலிச்சா, கண்ணு மங்கலாத் தெரிஞ்சா, நெஞ்சுக்குக் கீழ வலிச்சா உடனே வரணும். சாயந்திரம் கால் கொஞ்சம் வீங்கறது எல்லாருக்கும் வரும். ஆனா போட்டிருக்கிற செருப்பு திடீர்னு கொள்ளாமப் போச்சுன்னா, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான், டாக்டர் வேறு என்ன சொன்னார்?

"எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொன்னாங்க" என்றாள் ரொட்டியக்கா.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவரை அவளுக்குத் தெரியும். குத்தூசி விரலில் பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுகிற ஆள் அவர். ரத்த அழுத்தம், ஆபரேஷன் என்று சொன்னால் பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது. ஒருவர் சுமந்தால் மற்றவராவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேர் தூக்க வேண்டிய தட்டை ஒருத்தி தூக்கினால் என்ன ஆகும் என்று ரொட்டிக் கடையில் அவளே மற்றவர்களுக்குச் சொல்கிறவள்தான். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டாம் நாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது. ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தார்கள். சிலர் வாழ்த்தினார்கள், சிலர் 'இந்த வயசிலயா' என்று இழுத்தார்கள். இழுத்தவர்களுக்கும் அவள் சிரித்துக்கொண்டே ரொட்டி சுற்றிக் கொடுத்தாள். முதலாளியம்மா அவளுக்கு அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு, உட்கார்ந்தே மாவை உருட்டச் சொன்னார்.

செய்தி கேட்டு ஓடி வந்த முதல் ஆள் நாத்தனார். அளவுக்காரருக்கு அக்கா, ஐந்து பெற்றவர், மூன்று வயதில் மகள் வழிப் பேத்தி ஒருத்தியும் உண்டு. அந்த அம்மாள் நாக்கில் எப்போதும் மிளகாய் அரைத்து வைத்திருக்கும். தம்பி கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"ஏண்டா, ஊர்ல உள்ள கால் எல்லாம் அளந்து முடிச்சு, இப்பத்தான் உனக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சா?"

தம்பி தோலை வெட்டுவதில் மும்முரமானார். நாத்தனார் திரும்பி, சாப்பாடு கொண்டுவந்திருந்த ரொட்டியக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் பையன் பொறந்தா என் பேத்திக்கு சித்தப்பா முறை. சித்தப்பாவுக்கு அவதான் மூக்கு தொடச்சு விடணும், பாத்துக்கோ."

"பொண்ணாப் பொறந்தா அத்தை முறை அண்ணி. அத்தைன்னு மரியாதையாத் தொடச்சு விடச் சொல்லுங்க."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. உனக்கு அறுபது தாண்டும்போது அது காலேஜ் வாசல்ல நிக்கும்."

"நிக்கட்டும். பக்கத்துல நானும் நின்னு ரொட்டி விக்கறேன்."

நாத்தனார் சிரித்தார், வீட்டுக்குப் போனார், மறுநாள் பேத்தியின் பழைய துணிகளை எல்லாம் துவைத்து மடித்து ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். வாய்தான் அப்படி.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. நூற்றுக்கு நூறு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். சர்க்கரை மட்டும் எல்லைக் கோட்டில் நின்றது. இனிப்பைத் தொடாதீர்கள் என்றார். தன் கையாலேயே சர்க்கரை தூவிய பன்னைக் காலை முழுக்க அடுக்குகிறவளுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை? வாசனை இப்போது குமட்டவும் இல்லை. அவள் பன்னை அடுக்கிக்கொண்டே வயிற்றைத் தடவி, 'உன்னாலதான், வெளிய வா, பேசிக்கறேன்' என்று மிரட்டுவாள். உள்ளே இருந்து ஒரு உதை வரும். முதலாளியம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். வரிசையில் நிற்கிறவர்களும் காத்திருப்பார்கள். அந்த மாதங்களில் அவ்வளவு சந்தோஷமான கடை அந்தத் தெருவில் வேறு இருந்திருக்காது.

அவள் உடம்பும் பெருத்துக்கொண்டு வந்தது. கை பருத்தது, முகம் உருண்டது. ரொட்டிக்காரிக்கு எது உப்பினாலும் அது நல்ல செய்திதான். மாவு உப்பினால் சந்தோஷம், உப்பாவிட்டால்தான் கவலை. அந்தப் பழக்கத்தில் அவளுக்குத் தன் உடம்பைப் பார்த்தும் பயம் வரவில்லை.

ஆனால் நர்ஸ் சொன்னதை அவள் மறக்கவும் இல்லை. தினமும் காலையில் செருப்பில் காலை நுழைக்கும்போது கவனித்தாள். இறுக்கமே இல்லை. சுகமாக, பஞ்சில் வைத்ததுபோல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றெல்லாம், 'செருப்பு நல்லாக் கொள்ளுது சிஸ்டர்' என்று பெருமையாகச் சொன்னாள். ரத்த அழுத்தமும் அப்போதெல்லாம் அளவோடுதான் இருந்தது. பரிசோதனைக்கு வருகிற மற்ற பெண்கள் செருப்பு போட முடியவில்லை என்று முனகும்போது, தனக்கு மட்டும் கடவுள் இந்த வயதிலும் வீங்காத கால் கொடுத்திருக்கிறான் என்று நன்றி சொன்னாள்.

நன்றி போய்ச் சேர வேண்டிய இடம் தெருவின் மறுகோடியில் இருந்தது.

அளவுக்காரருக்குக் கால்தானே முதலில் தெரியும்? மனைவியின் பாதம் பருத்து வருவதை அவர் அவளுக்கு முன்பே பார்த்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று அவருக்குத் தெரியும். செருப்புத் தைக்க வருகிற பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, அவளுடைய செருப்பை எடுத்து, தையலைப் பிரித்து, வாரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி தைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். வயதான காலத்தில் பிள்ளை சுமக்கிறாள், காலாவது நோகாமல் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அதை அவளிடம் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். உன் கால் பெருத்துவிட்டது என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு நிற்பான்?

இப்படி அவள் அவருக்கு நல்லது நினைத்து ஒன்றை மறைத்தாள். அவர் அவளுக்கு நல்லது நினைத்து ஒன்றை மறைத்தார். இரண்டு நல்லதும் சேர்ந்து, பிள்ளையும் தாயும் போகிற பாதையில் ஒரு பள்ளத்தைத் தோண்டி வைத்தன.

எட்டாம் மாதம் முடிகிற சமயம். ஒரு பெரிய விருந்துக்கு ரொட்டி கேட்டு ஆள் வந்திருந்ததால் கடையில் வேலை தலைக்குமேல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளை ரொட்டியக்கா தள்ளிப் போட்டாள். செருப்புத்தான் நன்றாகக் கொள்கிறதே என்ற தைரியம். இரண்டு நாளாகத் தலை வலித்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தாள்.

அன்று மத்தியானம் புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். நீளமாய், ஒடுக்கமாய் ஓர் அறை அது. ஒரு பக்கச் சுவர் முழுக்க மரத்தில் செய்த கால் அச்சுகள் சின்னதிலிருந்து பெரியது வரை ஜோடி ஜோடியாகத் தொங்கும். பசையும் தோலும் கலந்த வாசனை. நாத்தனார் அங்கே முன்னமே வந்து, அறுந்துபோன தன் செருப்பைக் கொடுத்துவிட்டு, கிடைத்த நேரத்தில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். ரொட்டியக்கா வாடிக்கைக்காரர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

நாத்தனாரின் கண் பலகை மேல் பாதி தைத்து வைத்திருந்த ஒரு ஜோடி மேல் விழுந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னடா செருப்பு? மேல பாத்தா பூவேலையெல்லாம் பண்ணி பொம்பளைங்க செருப்பா இருக்கு. அகலம் பாத்தா மூட்டை தூக்கறவன் கால் மாதிரி இருக்கு. யாருக்கு இது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஊசியைப் பார்த்துக்கொண்டே, "இவளுக்குத்தான்" என்றார்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் சுவரில் தொங்கிய அச்சுகள் ஆடின. ரொட்டியக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

"எனக்கு எதுக்குங்க புதுசு? இதுவே நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். நேத்துத்தானே வாரத் தளர்த்தி விட்டேன்." அக்கா முன்னால் தன் சாமர்த்தியம் வெளிப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. "இந்த வாரத்துல மட்டும் இது மூணாவது தடவ. இனிமே இழுக்க வார் இல்ல. அதான் புதுசாத் தெக்கறேன்."

ரொட்டியக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து தன் காலைப் பார்க்க முயன்றாள். வயிறு மறைத்தது. ரொம்ப நாளாகவே அவளுக்குத் தன் கால் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணி, என் காலப் பாருங்க. ஒரு விரலால அழுத்திப் பாருங்க."

நாத்தனார் சிரிப்பு மாறாத முகத்தோடு குனிந்தார். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். நிமிரும்போது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"குழி விழுது. எழும்ப மாட்டேங்குது."

ரொட்டியக்காவுக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாவை விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வர வேண்டும். வந்தால் அடுப்புக்குத் தயார். எழும்பாமல் குழி அப்படியே நின்றால், நேரம் கை மீறிப் போய்விட்டது என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அவள் பார்த்த பாடம் அது. அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, நர்ஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவலியையும் சொன்னாள்.

அளவுக்காரர் எழுந்து நின்றார். அவர் மடியில் இருந்த ஊசி, நூல், தோல் எல்லாம் கீழே விழுந்தன.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான்."

"பயந்திருந்தா இந்த வாரைத் தொட்டிருக்க மாட்டேனே."

நாத்தனார் இருவரையும் பேச விடவில்லை. திட்டுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு சொல் திட்டவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி, கையை நீட்டி, வந்த முதல் வாடகை வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினார். ரொட்டியக்காவைப் பின்னால் சாய்த்து உட்கார வைத்து, அவள் கால் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்து, "முன்னால ஏறு. அழுவறதா இருந்தா அப்புறம் அழு" என்றார்.

போகிற வழியெல்லாம் ரொட்டியக்கா மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். நான் கேட்பதை நிறுத்தின பிறகு நீயாகக் கொடுத்தாய். கொடுத்ததைப் பாதி வழியில் வாங்கிக்கொள்கிறவன் இல்லை நீ. தப்பு எங்கள் இரண்டு பேருடையது, அதன் பலனைப் பிள்ளை தலையில் இறக்காதே. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது. சொன்னதையே சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ் அவள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் படுக்க வைத்து டாக்டரம்மாவை அழைத்துவந்தார். அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. சிறுநீரிலும் அதன் அடையாளம் இருந்தது. நாத்தனார் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக்காரர் வெளியே பெஞ்சில் இருந்தார்.

டாக்டரம்மா கட்டில் ஓரம் வந்து பேச ஆரம்பித்ததும் ரொட்டியக்கா கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. அவரையும் உள்ள கூப்பிடுங்க. எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. இது இன்னும் ஏறினால் தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையலாம். இதற்கு மருந்து கொடுக்கலாம், ஆனால் உண்மையான மருந்து பிள்ளையை வெளியே எடுப்பதுதான். வலிப்பு வராமல் இருக்கவும் அழுத்தத்தை இறக்கவும் இப்போதே ஊசி போடுகிறோம். கட்டுக்குள் வந்ததும் ஆபரேஷன். பிள்ளை சின்னதாக இருக்கும், கொஞ்ச நாள் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இன்று வந்தீர்கள், நல்ல வேளை என்றார்.

வலிப்பு என்ற சொல்லில் அளவுக்காரரின் முகம் வெளுத்தது. ரொட்டியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்தப் பக்கம் விழுவார் என்று. அவர் விழவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அந்த ஊசி வலிக்குமா, அவளுக்கு நினைவு இருக்குமா, பிள்ளை மூச்சு விடுமா, யார் பக்கத்தில் இருப்பார்கள். கல்யாணமான நாளாக அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ரொட்டியக்காவுக்குத் தட்டின் மறுபக்கத்தை யாரோ பிடித்ததுபோல் இருந்தது. மாதக் கணக்காகத் தனியாகத் தூக்கியது எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஊசி உடம்பெல்லாம் தீயாக ஓடியது. அடுப்புக்குள் தட்டோடு நம்மையும் தள்ளிவிட்டார்களோ என்று அவள் நர்சிடம் கேட்டாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே நெற்றியைத் துடைத்துவிட்டார். பிறகு ஆபரேஷன் அறையில் முதுகில் இன்னோர் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது. தலைக்கு முன்னால் பச்சைத் துணி கட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் தெரியவில்லை. இடி இடித்து மழை கொட்டியதுபோல் ஓர் அழுகையை அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது பூனைக்குட்டிச் சத்தம். அதுவும் ஒரே ஒரு தரம். பிறகு ஒரு நிமிஷம் எல்லாம் அமைதி. அந்த நிமிஷத்தில் ரொட்டியக்கா மூச்சு விடவில்லை. அப்புறம் அந்தப் பூனைக்குட்டி கோபம் வந்ததுபோல் விடாமல் கத்தத் தொடங்கியது.

பெண் குழந்தை என்று நர்ஸ் வெளியே போய்ச் சொன்னபோது அளவுக்காரர், "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டாராம். இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நாத்தனார் ஒரு பக்கம் அவருக்கு விசிறிக்கொண்டே, மறுபக்கம், போகிற வருகிறவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்லீங்க, அப்பா ஆயிட்டான். கொஞ்சம் லேட்டாத் தெரிஞ்சுது, அதான்" என்று சொன்னாராம். இதெல்லாம் பிறகு நர்ஸ் சொல்லித்தான் ரொட்டியக்காவுக்குத் தெரியும்.

பிள்ளை வந்த பிறகும் அழுத்தம் உடனே இறங்கிவிடவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் சில நாள் அது வம்பு செய்யும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ரொட்டியக்காவைப் படுக்கையை விட்டு இறங்க விடவில்லை. பிள்ளை இரண்டு கிலோவுக்கும் குறைவு. அது வேறோர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அளவுக்காரர்தான் இரண்டு அறைக்கும் நடுவே நடந்து நடந்து செய்தி கொண்டுவந்தார். கண் திறந்தாளாம், கொட்டாவி விட்டாளாம், குழாய் வழியாகப் பால் போகிறதாம், குழாயைப் பிடுங்கப் பார்க்கிறாளாம். குரங்குச் சேட்டை, உங்க அக்கா மாதிரி என்றாள் ரொட்டியக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அதைக் கேட்டு, என்னைப் போல இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்.

அழுத்தம் இறங்கிய அன்று காலையில் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நாத்தனார், ஒரு பக்கம் புருஷன். கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க ஆமை மாதிரி நடந்தாள். பிள்ளை இருந்த அறையில் பெரிய நர்ஸ் அவளை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தச் சொல்லி, பெட்டியிலிருந்து அந்தச் சின்ன உடம்பை எடுத்து அவள் நெஞ்சின் மேல் தோலோடு தோலாகப் படுக்க வைத்தார். மேலே ஒரு போர்வையைப் போர்த்தினார்.

அவள் கையில் தினமும் எத்தனையோ உருண்டைகள் ஏறி இறங்கியிருக்கின்றன. இந்த உருண்டைக்கு மூச்சு இருந்தது. முதுகு ஏறி ஏறி இறங்கியது. சுருங்கிய முகம், எலிவால் போலத் தலைமுடி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இதற்குப் பொன் எல்லாம் எந்த மூலைக்கு?

இதுவரை குழாயில்தான் குடிக்கிறது, வாயால் குடிக்கத் தெரிய இன்னும் நாளாகலாம், அவசரப்படாதீர்கள் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அது காதில் விழவில்லை. மூக்கால் நெஞ்சை மோந்து மோந்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, தேடிக் கண்டுபிடித்துக் கவ்விக்கொண்டது. இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை பிடித்தது. நிறுத்தியது, மூச்சு வாங்கியது, மறுபடி உறிஞ்சியது.

"குடிக்கறா" என்றார் அளவுக்காரர், மெதுவாக.

"கத்தாதடா, பயந்துடப்போறா" என்று நாத்தனார்தான் கத்தினார். அந்த அறையில் மற்றப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய நர்ஸ் குனிந்து பார்த்து, இப்படியே குடித்தால் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிடலாம், எடை ஏறினதும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ரொட்டியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கடவுளுக்கு நிறையச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக நினைத்து வைத்திருந்தாள். ஆரம்பிக்கலாம் என்று உதட்டை அசைத்தாள். அதற்குள் மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிணுங்கினாள்.

"அந்தப் பக்கம் மாத்திப் போடு, அவளுக்கு அதுவும் வேணுமாம்" என்றார் நாத்தனார்.

அவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று ரொட்டியக்கா நினைத்துக்கொண்டாள். பிள்ளையை மெல்ல அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.